555 புத்தகத்திலிருந்து 955 எண் வரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சிகாமட், லாபிஸ், பத்து அனாம், பூலோ காசாப் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு நோட்டு அது. அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கிய அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் வரி வரியாக ஏறும். சம்பளம் போட்டதும் கணக்குத் தீரும். தீராத பாக்கி அடுத்த பக்கத்துக்குப் போகும்.

இன்று அதே வட்டாரத்தில் கடைக்குப் போகிறவர்களின் கண்ணில் படுவது வேறோர் எண். பிஸ்கட் பொட்டலம், மசாலைத் தூள், சவர்க்காரம், எண்ணெய்ப் போத்தல் என எதைத் திருப்பினாலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள். அவற்றின் அடியில் 13 இலக்கங்கள். மலேசிய நிறுவனங்களின் பொருள்களில் அந்த இலக்கங்கள் பெரும்பாலும் 955 என்றே தொடங்கும். காசாளர் பொருளைக் கண்ணாடியின் மேல் இழுக்கிறார். 'பீப்' என்று ஓர் ஒலி. விலை திரையில் வந்து விழுகிறது.

555 புத்தகத்தில் எழுதியது மனிதரின் கை. அதை வாடிக்கையாளரும் வாசிக்கலாம். சந்தேகம் வந்தால் கடைக்காரரைக் கேட்கலாம். பட்டைக் குறியீட்டை எழுதுவதும் வாசிப்பதும் இயந்திரம். அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரியாததால்தான், 'இந்த எண் இருந்தால் வாங்கு, அந்த எண் இருந்தால் வாங்காதே' என்ற செய்திகள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கின்றன. அந்தச் செய்திகளில் எவ்வளவு உண்மை? அதை அறிய, கோடுகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

எண்தான் பெயர்

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909-ஆம் ஆண்டு முழுமை பெற்றது. அந்தப் பாதையில் அமைந்த சிகாமட்டைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் பெருகின. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றவர்களுக்குப் பெயர் உண்டு. அதோடு செக்ரோல் புத்தகத்தில் ஓர் எண்ணும் உண்டு. காரணம் எளிது. ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மாக்கள் இருப்பார்கள், நான்கு ராமசாமிகள் இருப்பார்கள். பெயரை நம்பினால் ஒருவர் கூலி இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். எண் அப்படி மாறாது. பால் நிறுக்கும் கொட்டகையில் எண்ணைச் சொன்னால் போதும். கிராணி அந்த வரியில் எடையைக் குறித்துக்கொள்வார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த எண்ணுக்குள் தொழிலாளியின் வயதோ, ஊரோ, அன்று இறக்கிய பாலின் எடையோ இல்லை. அவை எல்லாம் இருப்பது கிராணியின் புத்தகத்தில். எண் என்பது அந்தப் புத்தகத்தில் சரியான வரியைத் தேடிப் பிடிக்கும் வழி மட்டுமே. எண் சரியாக இருந்தும் புத்தகத்தில் எடையைக் குறைத்து எழுதினால், பாதிக்கப்படுவது தொழிலாளிதான். ஆகவே எண்ணைக் காட்டிலும் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பட்டைக் குறியீட்டின் முழுக் கதையும் புரிந்துவிடும்.

மணலில் இழுத்த கோடுகள்

1948-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள டிரெக்சல் கல்வி நிலையத்துக்கு ஓர் உணவுப்பொருள் அங்காடி நிறுவனத்தின் தலைவர் வந்தார். கல்லாவில் பொருளின் விவரத்தைத் தானாகப் பதிவு செய்ய ஒரு கருவி கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் தம் நண்பர் நோர்மன் ஜோசப் வூட்லண்டிடம் சொன்னார்.

வூட்லண்டுக்கு அதே சிந்தனை. மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, சாரணர் இயக்கத்தில் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகள் அவர் நினைவுக்கு வந்தன. புள்ளியும் கோடும்தான் அதன் எழுத்துகள். விரல்களை மணலில் வைத்துத் தம் பக்கம் இழுத்தார். புள்ளிகள் நீண்டு மெல்லிய கோடுகளாயின. சிறு கோடுகள் நீண்டு தடித்த கோடுகளாயின. பட்டைக் குறியீடு பிறந்தது அங்கேதான்.

1949 அக்டோபரில் இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1952 அக்டோபர் 7-ஆம் நாள் அது கிடைத்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வாசிக்க வேண்டுமென்பதால், நேர்கோடுகளோடு வட்ட வட்டமான வடிவத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஆனால் காலம் கைகொடுக்கவில்லை. சோதனைக் கருவியில் 500 வாட் விளக்கு. அதன் வெப்பத்தில் காகிதம் கருகியது. எண்ணைத் தேடித் தரும் சின்னக் கணினியும் அப்போது இல்லை. காப்புரிமையை 15,000 அமெரிக்க வெள்ளிக்கு விற்றுவிட்டார்கள். சில்வர் 1963-ஆம் ஆண்டு, 38 வயதில் காலமானார். தம் கோடுகள் கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

ரயில் பெட்டியில் வண்ணப் பட்டை

கடைக்கு வருமுன் இந்த யோசனை ரயிலில் ஏறியது. அமெரிக்க ரயில் நிறுவனங்கள் சரக்குப் பெட்டிகளை அடையாளம் காண, டேவிட் காலின்ஸ் என்பவர் உருவாக்கிய கார்டிராக் முறையை 1967-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டன. பெட்டியின் பக்கவாட்டில் நீலம், சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகள் ஒட்டப்பட்டன. தண்டவாளத்தின் ஓரத்தில் நின்ற கருவி, ஓடும் பெட்டியின் எண்ணை அவற்றிலிருந்து வாசித்தது.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு பட்டைகளில் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தன. அவற்றைத் துடைத்துப் பராமரிக்க ஆளில்லை. வாசிக்க முடியாத பெட்டிகள் பெருகின. 1970-களின் பிற்பகுதியில் திட்டமே கைவிடப்பட்டது. குறியீடு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அழுக்கையும் கிழிசலையும் தாங்காவிட்டால் பயனில்லை என்ற பாடம் அப்போது கிடைத்தது. பின்னாளில் வந்தவர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

67 காசு சூயிங்கம்

லேசர் ஒளியும் மலிவான கணினியும் வந்த பிறகே கடைக்காரர்களின் கனவு கைகூடியது. அமெரிக்க மளிகை வணிகத் துறை ஒரு பொதுவான குறியீட்டைத் தேடியபோது இரண்டு வடிவங்கள் மோதின. ஒன்று வட்ட வடிவம், மற்றொன்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லோரர் வடிவமைத்த செங்குத்துக் கோடுகள். வட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அச்சு இயந்திரம் ஓடும் திசையில் மை இழுபட்டால் வட்டம் சிதைந்துவிடும். கோடுகளை அதே திசையில் அச்சிட்டால், மை இழுபட்டாலும் கோடு நீளுமே தவிர தடிமன் மாறாது. 1973 ஏப்ரல் 3-ஆம் நாள் கோடுகளே வென்றன. அந்த நேரத்தில் வூட்லண்டும் ஐ.பி.எம். ஊழியராகவே இருந்தார்.

1974 ஜூன் 26-ஆம் நாள் காலை, ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் நகரிலிருந்த மார்ஷ் அங்காடியில் முதன்முதலாக ஒரு பொருள் கோட்டின் மூலம் விற்பனையானது. அது ரிக்ளி நிறுவனத்தின் ஜூசி ஃபுரூட் சூயிங்கம். விலை 67 காசு.

அமெரிக்கக் குறியீட்டில் 12 இலக்கங்கள். ஐரோப்பியர்கள் பல நாடுகளுக்கும் இடம் வேண்டுமென்று 13 இலக்கங்களைக் கொண்டுவந்தார்கள். அதற்கான அமைப்பு 1977-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸில் உருவானது. மலேசியா 1980-களின் இறுதியில் மலேசிய உற்பத்தியாளர் சம்மேளனத்தின் முயற்சியால் இந்த முறையில் சேர்ந்தது. 955 என்ற தொடக்க எண் மலேசியாவுக்குக் கிடைத்தது. இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888. அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இணைந்து 2005-ஆம் ஆண்டு ஜி.எஸ். 1 என்ற பெயரை ஏற்றன. மலேசியாவில் எண் வழங்குவது ஜி.எஸ். 1 மலேசியா.

ஒளிந்திருக்கும் ஒன்பது

ஒரு 955 பொருளை எடுத்து உற்றுப் பாருங்கள். முதல் 9 மட்டும் கோடுகளுக்கு வெளியே, இடது ஓரத்தில் தனியாக நிற்கும். ஏன் தெரியுமா? அந்த 9-க்குக் கோடே கிடையாது!

குறியீட்டின் முழு அகலம் 95 சம அளவுக் கட்டங்கள். இரு ஓரங்களிலும் நடுவிலும் காவலாளி போல இரட்டைக் கோடுகள் நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் இடப்பக்கம் ஆறு இலக்கங்கள், வலப்பக்கம் ஆறு இலக்கங்கள். ஆக 12 இலக்கங்களுக்குத்தான் இடம். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு கட்டங்கள். அவற்றுக்குள் இரண்டு கறுப்புக் கோடுகள், இரண்டு வெள்ளை இடைவெளிகள்.

அமெரிக்காவின் 12 இலக்கக் கட்டமைப்பைக் கலைக்காமல் பதின்மூன்றாவது இலக்கத்தை எங்கே வைப்பது? ஐரோப்பியர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். இடப்பக்கத்து இலக்கங்களை இரண்டு விதமாக எழுதலாம் என்று வைத்தார்கள். ஒரு விதத்தில் கறுப்புக் கட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. இன்னொரு விதத்தில் இரட்டைப்படை. எந்த இடத்தில் எந்த விதம் வருகிறது என்ற வரிசையே முதல் இலக்கத்தைச் சொல்லிவிடும். ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று வந்தால் முதல் இலக்கம் 9.

அதனால் 955-இல் உள்ள இரண்டு ஐந்துகளும் ஒரே மாதிரி இருக்காது. முதல் ஐந்து: வெள்ளை 1, கறுப்பு 2, வெள்ளை 3, கறுப்பு 1. இரண்டாவது ஐந்து: வெள்ளை 1, கறுப்பு 3, வெள்ளை 2, கறுப்பு 1. இரண்டிலும் கூட்டினால் ஏழு கட்டங்கள். ஆனால் முதலாவதில் கறுப்பு மூன்று, இரண்டாவதில் நான்கு. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் பள்ளிப் பிள்ளைகளே இதைச் சரிபார்த்துவிடலாம்.

பிழையைப் பிடிக்கும் கடைசி எண்

13 இலக்கங்களில் கடைசி இலக்கம் பொருளைப் பற்றியதல்ல. அது காவலுக்கு வைத்த எண். 955123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இடங்கள் என ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 30. அதை மூன்றால் பெருக்கினால் 90. இரண்டும் சேர்ந்து 124. அடுத்த பத்தின் மடங்கான 130-ஐ எட்ட இன்னும் 6 வேண்டும். ஆகவே கடைசி எண் 6.

கசங்கிய பொட்டலத்தில் ஏதாவது ஓர் இலக்கத்தைக் கருவி தவறாக வாசித்தால் கணக்கு உதைக்கும்; 'பீப்' ஒலிக்காது. பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். 1-க்கும் 6-க்கும் போல ஐந்து வித்தியாசமுள்ள எண்கள் இடம் மாறினால் மட்டும் அது ஏமாந்துவிடும்.

ஆனால் ஒன்று. இந்தக் காவலாளி பிடிப்பது பிழையை, பொய்யை அல்ல. ஒரு போலிச் சரக்கில் அசல் பொருளின் கோடுகளை நகலெடுத்து ஒட்டினாலும் கணக்குச் சரியாகத்தான் வரும். 'பீப்' சத்தமும் கேட்கும்.

கோடுகளில் பல சாதி

கடைக்கு வெளியே வேறு கோடுகளும் உழைக்கின்றன. தொழிற்சாலைகளுக்கு எழுத்துகளும் தேவைப்பட்டன. அதற்காக 1974-இல் வந்தது கோட் 39. ஓர் எழுத்துக்கு ஒன்பது கீற்றுகள். அவற்றில் மூன்று தடிமன். பெயரின் பொருள் அதுதான். பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் என 43 வடிவங்களை எழுதலாம். எளிமையானது, ஆனால் இடத்தை விழுங்கும்.

1981-இல் வந்த கோட் 128 அந்தக் குறையைத் தீர்த்தது. கணினி விசைப்பலகையின் எல்லா அடிப்படைக் குறிகளையும் அது எழுதும். எண்கள் மட்டும் வந்தால் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே வடிவமாக்கி, இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். கூரியர் பொட்டலங்களில் நீளமாகத் தெரியும் கோடுகள் பெரும்பாலும் இந்த வகை. இரத்த வங்கிப் பைகளில் பயன்படும் அனைத்துலகக் குறியீட்டு முறையும் 128 என்ற எண்ணைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது.

சாமான் வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளின் மேல், தடித்த கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு குறியீடு இருக்கும். அதில் ஓர் இலக்கம் கறுப்புக் கோடுகளிலும், அடுத்த இலக்கம் அவற்றுக்கு இடையிலான வெள்ளை இடைவெளிகளிலும் பின்னப்பட்டிருக்கும். சொரசொரப்பான அட்டையில் அச்சிடத் தோதான வகை அது.

புத்தகங்களுக்கும் கோடு உண்டு. 2007 ஜனவரி 1 முதல் நூல் எண்களும் 13 இலக்கமாகி, 978 என்று தொடங்கத் தொடங்கின. மலேசியாவில் வெளியாகும் தமிழ் நூல்களில் அதற்கு அடுத்து 967, 983 அல்லது 629 இருக்கும். எண் வழங்குவது தேசிய நூலகம். நூலகத்திலும் இணையக் கடைகளிலும் ஒரு நூலைத் தேடிப் பிடிக்க அந்த எண்ணே துணை.

955 என்றால் மலேசியத் தயாரிப்பா?

இனி, கைப்பேசியில் பறக்கும் செய்திக்கு வரலாம். 2008-ஆம் ஆண்டு சீனாவில் பால் மாவில் மெலமைன் கலந்த விவகாரம் வெடித்தபோது, 690 முதலான எண்களைப் பார்த்தால் சீனத் தயாரிப்பைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மின்னஞ்சல்கள் சுற்றின. புறக்கணிப்பு இயக்கங்களின் காலத்தில் 729 என்ற எண்ணைப் பற்றி இதே போன்ற செய்திகள் வந்தன. 'உள்நாட்டுப் பொருளா என்று அறிய 955-ஐப் பார்' என்பதும் இதே குடும்பம்தான்.

இவை அனைத்தும் தவறான புரிதல். தொடக்க எண் காட்டுவது, அந்த நிறுவனத்துக்கு எந்த நாட்டு அமைப்பு எண் வழங்கியது என்பதை மட்டுமே. ஒரு மலேசிய நிறுவனம் வெளிநாட்டில் செய்த பொருளை வரவழைத்துத் தன் பெயரில் பொட்டலமிட்டு 955 போடலாம். ஜொகூர் தொழிற்சாலையில் தயாராகி, சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயரில் விற்கும் பொருளில் 888 இருக்கலாம். தயாரிப்பு நாட்டையும் கோடு சொல்லாது, ஹலாலா என்பதையும் சொல்லாது, தரத்தையும் சொல்லாது.

தயாரிப்பு நாட்டை அறிய விரும்புகிறவர் பார்க்க வேண்டியது கோடுகளை அல்ல. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள வாசகத்தை. 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உணவுப் பொட்டலத்தில் இருந்தாக வேண்டும். இறக்குமதி உணவென்றால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் இருக்க வேண்டும். ஹலாலுக்குத் தனி முத்திரை இருக்கிறது.

விலையும் கோட்டில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கோட்டில் இருப்பது எண் மட்டுமே. விலை கடையின் கணினியில் இருக்கிறது. அலமாரியில் ஒரு விலையும் கல்லாவில் இன்னொரு விலையும் வருவது அதனால்தான். அலமாரிச் சீட்டை மாற்றியவர் கணினியை மாற்றவில்லை, அல்லது கணினியை மாற்றியவர் சீட்டை மாற்றவில்லை. கோட்டின் மீது குற்றமில்லை. ரசீதைச் சரிபார்க்காமல் வருகிறவருக்குத்தான் நட்டம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பேரங்காடியில் எடை போட்டு ஒட்டித் தரும் மீன், கோழி, காய்கறிச் சீட்டுகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் 2 என்று தொடங்கும். அந்த வரிசை கடையின் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டது. அங்கே மட்டும் எடையோ விலையோ இலக்கங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

கோ பலகையிலிருந்து வந்த கட்டம்

நேர்கோடு ஒரு திசையில் மட்டுமே எழுதும். அதனால் அது ஓர் எண்ணுக்கு மேல் அதிகம் சுமக்காது. ஜப்பானின் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் ஒரு பெட்டிக்குப் பல கோடுகளை ஒட்ட வேண்டியிருந்தது. ஊழியர்கள் ஒவ்வொன்றாக வாசித்துக் களைத்தார்கள். டென்சோ நிறுவனத்தின் மசஹிரோ ஹாரா, கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து விளையாடும் கோ என்ற பலகை விளையாட்டைப் பார்த்து, கட்டங்களை இரண்டு திசைகளிலும் அடுக்கலாம் என்று எண்ணினார். 1994-இல் கியூ.ஆர். குறியீடு பிறந்தது. நிறுவனம் காப்புரிமையை வைத்திருந்தும் பயனீட்டாளர்களிடம் கட்டணம் கேட்கவில்லை. உலகம் முழுவதும் அது பரவ அதுவும் ஒரு காரணம்.

மூன்று மூலைகளிலும் உள்ள சதுரங்களே அதன் அடையாளம். அவற்றின் குறுக்கே எந்தப் பக்கமிருந்து கோடு போட்டாலும் கறுப்பு வெள்ளை அகலங்கள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடித் தேர்ந்தெடுத்தது அது. அதனால் சீட்டு தலைகீழாக இருந்தாலும் கருவி குழம்பாது. சிறிய குறியீட்டில் 21-க்கு 21 கட்டங்கள். பெரியதில் 177-க்கு 177. அதிகபட்சம் 7,089 இலக்கங்கள் வரை அடங்கும்.

ரயில் பெட்டிப் பட்டைகளைத் தோற்கடித்த அழுக்குக்கும் இதில் மருந்து உண்டு. 1960-இல் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் கண்ட முறையைக் கொண்டு, தகவலோடு உபரிக் கணக்கும் எழுதப்படுகிறது. தேர்ந்தெடுத்த நிலைக்கேற்ப 7 முதல் 30 விழுக்காடு வரை கிழிந்தோ கறைபட்டோ போனாலும் மீதியிலிருந்து முழுத் தகவலையும் மீட்டுவிடலாம். கோட்டின் கடைசி எண் பிழையைக் காட்டியது, கியூ.ஆர். பிழையைத் திருத்தவும் செய்கிறது. ஆனாலும் பொய்யை இதுவும் பிடிக்காது.

கட்டத்தை ஒட்டியவர் யார்?

மலேசியாவில் கியூ.ஆர். குறியீட்டை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது கோவிட் காலம். 2020 முதல் கடை வாசலில் மைசெஜாத்ரா கட்டத்தைக் காட்டாமல் உள்ளே போக முடியாத நிலை இருந்தது. 2022 மே 1 முதல் அந்தக் கட்டாயம் நீங்கியது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. 2019-இல் தொடங்கிய டுயிட்நவ் கியூ.ஆர். இன்று இரவுச் சந்தையில் தோசை சுடும் அக்காவின் கடை வரை வந்துவிட்டது. 2025-இல் சிகாமட்டுக்கு வந்த இ.டி.எஸ். மின் ரயிலிலும் பயணச் சீட்டு ஒரு கட்டம்தான்.

இங்கேதான் ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 955 கோடு ஓர் எண்ணை மட்டும் சொல்லி நின்றுவிடும். கியூ.ஆர். கட்டமோ ஓர் இணைய முகவரியைத் தந்து, 'இங்கே போ, பணம் கட்டு' என்று கைப்பேசியை அழைத்துச் செல்லும். எங்கே அழைத்துச் செல்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜகார்த்தாவின் பள்ளிவாசல்களில், நன்கொடைக் கட்டத்தின் இடத்தில் தம் கணக்குக்குப் பணம் போகும் கட்டத்தை ஒட்டிய ஆடவர் கைதானார். அந்தக் கட்டத்தில் ஒரு கணக்குப் பிழையும் இல்லை. கொடுத்தவர்கள் ஏமாந்தது, ஒட்டியவர் யார் என்று பார்க்காததால்.

எனவே பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரை வாசிக்க வேண்டும். கடைக்காரர் மாலையில் கடை கட்டுமுன், தம் கட்டத்தின் மேல் வேறு சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் காட்டும் திரைப் படத்தை நம்பாமல், தம் கணக்கில் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். இவை சின்ன வேலைகள்தாம். ஆனால் இயந்திரம் இவற்றைச் செய்யாது.

சொந்த எண், சொந்தப் பெயர்

வாங்குகிறவர்களைப் போலவே விற்கிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. முறுக்கு, ஊறுகாய், மசாலைத் தூள், சத்து மாவு என்று வீட்டுத் தொழில் செய்யும் இந்தியக் குடும்பங்கள் பல. சரக்கு ருசியாக இருக்கும். பக்கத்து வீடுகள் பாராட்டும். பேரங்காடிக்குக் கொண்டு போனால் முதல் கேள்வி, 'கோடு இருக்கிறதா?' என்பதுதான். அவசரத்தில் சிலர் 955 என்று தாங்களாகவே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். அல்லது இணையத்தில் மலிவாக விற்கும் எண்ணை வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் ஏற்கெனவே இன்னொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால்? கல்லாவில் முறுக்கை வைத்தால் சவர்க்காரத்தின் பெயர் வரும்! அங்காடி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும். அச்சடித்த பொட்டலம் அத்தனையும் வீண்.

முறையாகப் பதிவு செய்து பெற்ற எண் என்றால், உலகப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே அந்தக் குடும்பத் தொழிலின் பெயர் இருக்கும். ஜி.எஸ். 1 அமைப்பின் இணையத் தளத்தில் எண்ணைத் தட்டி, யாருடையது என்று எவரும் பார்க்கலாம். எண் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது என்றால் இதுதான்.

சிகாமட் வட்டாரத்து டுரியான் தோட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும். 2019-இல் உறையவைத்த முழு டுரியானுக்கும், 2024-இல் புதிய பழத்துக்கும் சீனச் சந்தை திறந்தது. ஏற்றுமதிக்கு மைகேப் சான்று பெற்ற தோட்டமாக இருக்க வேண்டும். எந்தத் தோட்டத்துப் பழம் என்று பின்தொடர்ந்து கண்டுபிடிக்கவும் முடிய வேண்டும். பழம் மரத்திலிருந்து விழுந்த இடம் ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. அந்தப் பதிவேட்டில் தோட்டக்காரரின் பெயர் இருக்கிறதா, இடைத்தரகரின் பெயர் மட்டும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே நல்ல பழத்துக்கான நற்பெயர் யாருக்குப் போகும் என்பது முடிவாகும்.

2027-ஆம் ஆண்டு இறுதிக்குள் கடைக் கல்லாக்கள் கோடுகளோடு கட்டங்களையும் வாசிக்கத் தயாராக வேண்டும் என்று ஜி.எஸ். 1 இலக்கு வைத்திருக்கிறது. அப்போது எண்ணோடு காலாவதித் தேதியும் தயாரிப்புத் தொகுதியும் கூடக் கட்டத்துக்குள் ஏறும். காலாவதியான பால் மாவைக் கல்லாவே நிறுத்திவிட முடியும். தகவல் பெருகும், வசதி கூடும். அந்தத் தகவலை உள்ளே எழுதுகிறவர் மனிதராகவே இருப்பார்.

தோட்டத்தில் அந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியதற்குப் பல காரணங்கள் உண்டு. செக்ரோலிலும் 555 புத்தகத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. கணக்கை வாசிக்கத் தெரிந்த வீட்டை எளிதில் ஏமாற்ற முடியவில்லை. கணக்குப் புத்தகம் இன்று கோடாகவும் கட்டமாகவும் மாறியிருக்கிறது. வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியம் மட்டும் மாறவில்லை.